உப்புத் தண்ணீரில் ஏமாறாத மெட்டல் டிடெக்டர் எது?

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறியதும், பெங்களூரு ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல கிளம்பிவிடும். செப்டம்பர் 8 வரை அங்கே கடற்கரை நிறையக் கூட்டம். அலையில் குளிக்கையில் மோதிரம் கழன்றுவிடும், கம்மலின் திருகாணி நழுவும், சில சமயம் தாலிக்கொடியே அறுந்து போகும். மணல் ஒரே அலையில் அதை மூடிவிடும். இப்படித் தொலைந்ததைத் தேட மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: எந்த மணலில் தேடப் போகிறோம் என்பதுதான் கருவியைத் தீர்மானிக்கிறது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரு மண்ணில் நன்றாக வேலை செய்த கருவி, கடலோர ஈரமணலில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஓயாமல் கத்தும்.

உப்பு ஏன் குழப்புகிறது?

டிடெக்டரின் வட்டச் சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை மணலுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டங்கள் சுழலும். அவை திருப்பி எழுப்பும் புலத்தைச் சுருள் உணர்ந்ததும் கருவி ஒலிக்கும். ஆனால், ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஈரமணல் முழுவதுமே பெரிய உலோகப் பொருள்போலக் கருவிக்குத் தெரிகிறது. மெல்லிய தங்கம் தரும் சமிக்ஞையும் உப்பு தருவதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதுதான் பெரிய சிக்கல். உப்பை ஒதுக்கச் சொன்னால் கருவி தங்கத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடும்.

மூன்று வகைகள்

ஒற்றை அலைவரிசைக் கருவிகள் விலை குறைந்தவை. அலை தொடாத உலர்ந்த மணலுக்கு இவை போதும். ஈரமணலில் இவற்றை அமைதிப்படுத்த உணர்திறனைக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது ஆழமும் குறைந்துவிடும்.

பல அலைவரிசைக் கருவிகள் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி, கிடைக்கும் பதில்களை ஒப்பிட்டு, உப்பின் பங்கைக் கழித்துவிடுகின்றன. மைன்லேப் நிறுவனத்தின் எக்ஸ்காலிபர், 2018-ல் வந்த ஈக்வினாக்ஸ் ஆகியவை இந்த வகை. உலர்மணல், ஈரமணல், முழங்கால் ஆழத் தண்ணீர் என எல்லா இடத்துக்கும் ஒரே கருவி வேண்டுமென்றால் இதுவே பொருத்தம்.

மூன்றாவது, துடிப்பு வகை. காரெட் நிறுவனத்தின் சீ ஹன்டர் இதில் சேரும். ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, மைக்ரோநொடிக் கணக்கில் காத்திருந்து பதிலைக் கேட்கும். அதற்குள் உப்பின் பதில் அடங்கிவிடும். உலோகத்தின் பதில் நீடிக்கும். ஆழம் தேடவும், மணவாளக்குறிச்சி போன்ற இடங்களின் இல்மனைட் கலந்த கருமணலுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் இரும்பைப் பிரித்தறிவதில் பலவீனமானது. ஒவ்வொரு ஆணிக்கும் பாட்டில் மூடிக்கும் குழி தோண்ட வேண்டிவரும்.

நம் ஊர்க் கணக்கு வேறு

வெளிநாட்டு வழிகாட்டிகள், இரும்பை ஒதுக்கும் அமைப்பில் தேடச் சொல்கின்றன. அதை அப்படியே பின்பற்றக் கூடாது. இன்று புழங்கும் நம் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் காந்தம் இழுக்கும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பை முழுதாக ஒதுக்கினால் அவையும் தவறிப்போகலாம்.

சங்கிலியும் அப்படித்தான். மோதிரத்தைவிட எடை கூடிய சங்கிலி எளிதில் சிக்கும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையமாகவே கருவிக்குத் தெரிவதால், மெல்லிய சங்கிலியைவிட ஒரு முழு மோதிரம் எளிதில் அகப்படும். பல நேரங்களில் சங்கிலியின் கொக்கியோ அதில் கோத்த தாலியோதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே பணம் கொடுக்குமுன் கடையில் 1 ரூபாய் நாணயம், மோதிரம், மெல்லிய சங்கிலி மூன்றையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். உப்பு மணலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கடைச் சோதனை காட்டாது. அதற்குக் கருவியின் வகையைக் கேட்டறிவதே வழி.

நீர்புகாத் தன்மையையும் விவரமாகக் கேளுங்கள். சில கருவிகளில் சுருள் மட்டுமே நனையலாம். மேலே உள்ள மின்னணுப் பெட்டியில் ஒரு அலை பட்டாலும் போதும், பழுதாகிவிடும். ஈக்வினாக்ஸ் 800 முழுதாக 3 மீட்டர் ஆழம் வரை தாங்கும். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம்.

கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

எடுத்தவருக்கு அல்ல. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் நகையை வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-ன்படி குற்றமாகலாம். காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. மண்ணில் மறைந்திருந்த பழம்பொருள் கிடைத்து, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டக் கூடாது. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடும். அந்த மாதங்களில் மேட்டு மணலைக் கிளறாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்குமுன் இந்த வரிசையில் கேளுங்கள்: பல அலைவரிசையா அல்லது துடிப்பு வகையா, தண்ணீர் எதுவரை தாங்கும், இரும்பை ஒதுக்கும் அளவை நாமே மாற்ற முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் தராத கருவியைக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். தொலைத்தவருக்கு அவருடைய தாலியைத் திருப்பித் தருவதற்குத்தான் இத்தனை கவனமும் தேவைப்படுகிறது.