பெரிய ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ்: இடம் பிரிக்கும் முறை

4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது பார்டிஷன் அட்டவணையின் வகை. எந்தப் பார்டிஷன் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற விவரம் இந்த அட்டவணையில்தான் இருக்கும். 1983-ல் வந்த எம்பிஆர் முறை, செக்டர் எண்களை 32 பிட்டில் குறிக்கிறது. ஒரு செக்டர் 512 பைட் என்றால் அது எட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ 2.2 டெராபைட். மீதமுள்ள 1.8 டெராபைட்டைத் தொடவே முடியாது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் கிட்டத்தட்டப் பாதி வீண். ஜிபிடி முறைக்கு இந்தத் தடை இல்லை. வழக்கமாக 128 பார்டிஷன் வரை இடம் தருவதோடு, அட்டவணையின் நகலொன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. பெரிய டிஸ்க்குக்கு ஜிபிடிதான் சரி.

அட்டவணையை மாற்றினால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பவை கைவிட்டுப் போகும். ஆகவே வேண்டிய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே கை வைக்க வேண்டும். லைவ் யுஎஸ்பியில் கணினியைத் தொடங்கி ஜிபார்ட்டெட் மென்பொருளைத் திறந்ததும், எந்த டிஸ்க் என்பதை அளவையும் மாடல் பெயரையும் வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். 4 டெராபைட் டிஸ்க் அங்கே 3.6 என்று தெரிந்தால் பதற வேண்டியதில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார், மென்பொருள் 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது.

யுஇஎஃப்ஐ உள்ள கணினியில் முதல் பார்டிஷன் இஎஃப்ஐ-க்கு உரியது. ஃபேட்32 வடிவில் 512 எம்பி முதல் 1 ஜிபி வரை போதும். அடுத்தது ரூட். இயங்குதளமும் மென்பொருள்களும் தங்கும் இடம் இது. 50 ஜிபி தாராளம் என்று தோன்றும். ஃப்ளாட்பேக், டாக்கர் போன்றவை புழங்கும் கணினியில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். இவ்வளவு பெரிய டிஸ்க்கில் இங்கே கஞ்சத்தனம் தேவையில்லை, 100 ஜிபி ஒதுக்கலாம். ஸ்வாப்பின் அளவு, ஹைபர்னேட் வேண்டுமா என்பதைப் பொறுத்தது. வேண்டுமென்றால் ரேம் அளவுக்கு, இல்லையென்றால் 4 முதல் 8 ஜிபி.

மிச்சத்தில் பெரும்பகுதி ஹோம் பார்டிஷனுக்கு. படங்கள், ஆவணங்கள், ஒவ்வொரு மென்பொருளின் அமைப்புகள் எல்லாம் இங்கேதான் சேரும். பெரும்பாலான லினக்ஸ்களில் இயல்பாக வரும் எக்ஸ்ட்4 இதற்குப் போதுமானது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: எக்ஸ்ட்4 தன் இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க்குகள் சிறிதாக இருந்த காலத்தில் அது பொருட்டல்ல. 3 டெராபைட் ஹோமில் அது 150 ஜிபி. டிஸ்க் நிரம்பினாலும் இயங்குதளம் முடங்காமல் இருக்க, ரூட் பார்டிஷனுக்கு இந்த ஒதுக்கீடு அவசியம். வெறும் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு அவ்வளவு தேவையே இல்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் எந்தக் கோப்பும் அழியாமல் அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

டிஸ்க் முழுவதையும் முதல் நாளே பங்கு போட வேண்டியதில்லை. ஹோமுக்கு வலப்பக்கம் சில நூறு ஜிபியைப் பிரிக்காமல் விட்டுவைத்தால், பிறகு தேவைப்படும்போது ஹோமை அந்தப் பக்கம் நீட்டுவது சில நொடி வேலை. இடப்பக்கம் நீட்ட வேண்டி வந்தால் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் நகர்த்தியாக வேண்டும். பெரிய பார்டிஷனில் அது மணிக்கணக்கில் ஓடும், நடுவில் மின்சாரம் போனால் தரவே போய்விடலாம். எக்ஸ்எஃப்எஸ் வடிவைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அதை நீட்டலாம், சுருக்க முடியாது.

ஹோமைத் தனியாகப் பிரித்ததன் பலன், உபுண்டுவிலிருந்து டெபியனுக்கோ ஃபெடோராவுக்கோ மாறும்போது தெரியும். அப்போது நிறுவல் திரையில் ரூட்டை மட்டும் ஃபார்மேட் செய்து, பழைய ஹோம் பார்டிஷனை மறுபடியும் ஹோமாகவே காட்டி, அதற்கெதிரே உள்ள ஃபார்மேட் பெட்டியில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.