தாய்க்கும் ஒரு தேதி வேண்டும்



உங்கள் அன்பளிப்புகளால் நடந்துவரும் பிரசவ வார்டைப் பற்றி இந்த மடலில் பலமுறை எழுதியிருக்கிறோம். தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்கள் என்பதோடு எங்கள் செய்தி பெரும்பாலும் முடிந்துவிடும். இம்முறை அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். குழந்தை பெற்ற ஒரு தாய் அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட விரும்பினால், அதற்கான உதவி அவளுக்கு எளிதில் கிடைக்கிறதா?

கிடைக்கத்தானே வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இல்லாத ஒன்றியம் இல்லை. கருத்தடைச் சாதனங்கள் அங்கே இலவசம். பிரசவங்கள் அநேகமாக எல்லாமே மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆகிலும், மடியில் ஆறுமாதக் குழந்தையும் வயிற்றில் அடுத்த குழந்தையுமாகத் தாய்மார்கள் வருவது நின்றுவிடவில்லை. "வேண்டாம் என்றுதான் இருந்தோம், எங்கே போவது என்று தெரியவில்லை" என்பார்கள். இது ஏன் நடக்கிறது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இடைவெளி எதற்கு?

ஒரு பிரசவத்திற்குப் பின் குறைந்தது 24 மாதங்கள் கழித்தே அடுத்த கர்ப்பத்திற்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய் இழந்த இரும்புச்சத்தும் பிற சத்துகளும் திரும்பச் சேரக் காலம் வேண்டும். அதற்குள் மறுபடி கர்ப்பமானால் ரத்தசோகை அதிகமாகும். குழந்தை குறைமாதத்தில் பிறக்கவோ, எடை குறைந்து பிறக்கவோ வாய்ப்பு கூடும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கர்ப்பப்பையில் போட்ட தையல் நன்றாக ஆறி உறுதிப்படும் முன் அடுத்த பிரசவ வலி வந்தால், தழும்பு பிரிந்துவிடலாம்.

கைக்குழந்தையின் நிலையோ நம் முன்னோருக்கே தெரிந்த ஒன்று. தாய் மறுபடி உண்டானதால் பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்துபோகும் குழந்தையைச் 'சவலைப் பிள்ளை' என்றார்கள். அந்தச் சொல் இன்றும் கிராமங்களில் வழங்குகிறது என்பதே, பிரச்சினை எவ்வளவு பழையது என்பதற்குச் சாட்சி.

"இன்னும் தீட்டு வரவில்லையே"

மாதவிலக்கு திரும்பும்வரை பயமில்லை என்பது பரவலான நம்பிக்கை. இது பாதி உண்மைதான். கருமுட்டை முதலில் வெளிவருகிறது. கரு தங்காவிட்டால்தான் சுமார் இரண்டு வாரம் கழித்து மாதவிலக்கு வருகிறது. ஆகவே பிரசவத்திற்குப் பின் ஒருமுறைகூட மாதவிலக்கு வராமலே ஒருத்தி மீண்டும் கர்ப்பமாகலாம். புட்டிப்பால் மட்டும் கொடுக்கும் தாய்க்கு நான்காவது வாரத்திலேயே கருமுட்டை உருவாகக்கூடும்.

தாய்ப்பாலுக்குக் காக்கும் சக்தி உண்டு என்பது மெய்யே. ஆனால் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர இருக்க வேண்டும். முதலாவது, குழந்தைக்கு இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். தண்ணீரோ, பசும்பாலோ, கஞ்சியோ கூடாது. இரண்டாவது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றாவது, குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் இருந்தால் நூறு தாய்மாரில் ஏறத்தாழ இரண்டு பேர் மட்டுமே கர்ப்பமாவார்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. ஆறாம் மாதம் கூழும் சோறும் ஊட்டத் தொடங்கும்போது அது எப்படியும் முடிந்துவிடுகிறது.

குழந்தைக்கு அட்டை உண்டு, தாய்க்கு?

குழந்தை பிறந்தவுடன் ஒரு தடுப்பூசி அட்டை கொடுக்கிறார்கள். பிறந்த அன்று, 6ஆம் வாரம், 10ஆம் வாரம், 14ஆம் வாரம், பின்பு 9ஆம் மாதம் என்று அதில் நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மழை பெய்தாலும் வீட்டில் விசேஷம் இருந்தாலும் பாட்டி அந்தத் தேதியை மறக்கமாட்டாள். தாய்க்கு இப்படி எழுதப்பட்ட தேதி அநேகமாக இல்லை. 'ஆறு வாரம் கழித்து ஒருமுறை வாருங்கள்' என்று வாயால் சொல்லி அனுப்புவதோடு சரி.

இப்பொழுது அட்டையைச் சற்றுக் கவனியுங்கள். 14ஆம் வாரத்திற்குப் பின் அடுத்த ஊசி 9ஆம் மாதத்தில். இடையே ஐந்து மாதங்களுக்கு மேல் தாயும் பிள்ளையும் சுகாதார நிலையத்திற்கு வர எந்த முகாந்திரமும் இல்லை. நம் வழக்கப்படி, தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த பெண்ணை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். கணவனோடு மறுபடி வாழத் தொடங்குவதும், தாய்ப்பாலின் பாதுகாப்பு முடிவதும், மருத்துவமனைத் தொடர்பு அறுந்துபோவதும் இந்த ஐந்து மாதத்திற்குள்தான் நிகழ்கின்றன. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவள் யாருடைய கண்ணிலும் படாமல் போகிறாள்.

வழியிலுள்ள தடைகள்

முதல் தடை, இரண்டு ஊர்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தது ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில். தாய்வீட்டுக் கிராம சுகாதார செவிலியர் அவளைப் பார்க்கிறார். ஆனால் அங்கே கணவன் இல்லாததால் 'இப்போது எதற்கு?' என்று அவளே சொல்லிவிடுகிறாள். கணவன் ஊர்ச் செவிலியருக்கு அவள் திரும்பி வந்த செய்தி உடனே எட்டுவதில்லை.

இரண்டாவது, 'மாதவிலக்கு வந்தபிறகு வாருங்கள்' என்று திருப்பி அனுப்புவது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யவே அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் குழந்தையின் வயது, பாலூட்டும் விதம் முதலிய சில கேள்விகளாலேயே அதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ள முடியும். தேவையானால் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. பஸ் ஏறி, கைக்குழந்தையோடு காத்திருந்து, வெறுங்கையோடு போனவள் மறுமுறை வருவது அரிது.

மூன்றாவது, 'ஆபரேஷன்' ஒன்றே வழி என்ற எண்ணம். இதற்கு வரலாறு உண்டு. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாகாணம் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1969இல் பெரிய மருத்துவமனைகளில் பிரசவத்திற்குப் பிந்தைய குடும்பநலத் திட்டம் தொடங்கியபோதும் அறுவைச் சிகிச்சையே முதலிடம் பெற்றது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். போதுமான பிள்ளைகள் பெற்றவர்களுக்கு அது நல்ல முறைதான். ஆனால் முதல் குழந்தை பெற்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வேண்டியது நிரந்தரத் தடை அல்ல, இடைவெளி. அவளுக்கு விளக்கிச் சொல்வோர் குறைவு.

நான்காவது, வீட்டின் அனுமதி. மாமியார் என்ன சொல்வாரோ, ஆண்பிள்ளை பிறக்கும்வரை எப்படி, கணவரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கங்கள் அவளை நிறுத்துகின்றன. ஆண்களின் பங்கோ மிகச் சொற்பம். அதே கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதிலும் ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையை நம்பியிருக்கும் தம்பதிகள் நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. அது பெண்ணுக்குச் செய்வதைவிட எளிய சிகிச்சை. செய்த அன்றே வீடு திரும்பலாம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1975-77இல், வற்புறுத்திச் செய்ததால் உண்டான அச்சம் இன்னும் முழுவதும் நீங்கவில்லை.

ஐந்தாவது, மருந்துக் கடை. சுகாதார நிலையம் தூரமென்றால் கடையில் மாத்திரை வாங்கத் தோன்றும். கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஹார்மோன்கள் கலந்தவை. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் அவை ஏற்றவை அல்ல. பிரசவமான முதல் வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய அவசர மாத்திரையையோ, சட்டம் தடை செய்யாதபோதும், தமிழ்நாட்டில் பல கடைகள் வைத்திருப்பதில்லை.

எந்த முறை, எப்போது?

காப்பர்-டி: நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்திற்குள்ளோ, 48 மணி நேரத்திற்குள்ளோ பொருத்தலாம், சிசேரியனின்போதே வைக்கலாம். அந்த நேரம் தவறினால் ஆறு வாரம் கழித்துத்தான். வகைக்கேற்ப 5 அல்லது 10 ஆண்டுகள் பயன்படும். விரும்பியபோது எடுத்துவிடலாம். பாலைப் பாதிக்காது. உடனே வைத்தது சிலருக்கு வெளியே வந்துவிடக்கூடும். ஆதலால் ஆறாம் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

அந்தரா ஊசி: 2017 முதல் அரசுத் திட்டத்தில் உள்ளது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை. பாலூட்டும் தாய்க்கு ஆறு வாரத்திற்குப் பின் போடலாம். மாதவிலக்கு ஒழுங்கு மாறும், நின்றும் போகலாம்; அதனால் தீங்கில்லை. ஊசியை நிறுத்தியபின் மறுபடி கர்ப்பம் தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம் என்பதை முன்பே சொல்ல வேண்டும்.

சாயா மாத்திரை: ஹார்மோன் இல்லாதது, லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பின்பு வாரம் ஒருமுறை. பாலூட்டுவோருக்கு ஏற்றது.

ஆணுறை: எப்பொழுதும் பயன்படுத்தலாம்; வேறு முறை தொடங்கும்வரை கைகொடுக்கும்.

பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை: இனிப் பிள்ளை வேண்டாம் என்று தீர்மானித்தவர்களுக்கு, பிரசவமான ஏழு நாட்களுக்குள் அல்லது ஆறு வாரத்திற்குப் பின். இதற்குக் கணவரின் கையெழுத்து கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆணுக்கான சிகிச்சையை எப்போதும் செய்யலாம். ஆனால் முதல் மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும்.

தேதியை எப்படிக் கொடுப்பது?

மேலே சொன்னவற்றிலிருந்து செய்ய வேண்டியது தெளிவாகிறது. புதிய சாதனம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தாய்க்கு ஏற்ற நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனையில், அவள் நிதானமாக இருக்கும்போதே, எல்லா முறைகளையும் விளக்கி விருப்பத்தைக் கேட்க வேண்டும். பிரசவ வலியில் துடிப்பவளிடம் சம்மதம் கேட்பது சம்மதமாகாது. அவள் அறியாமல் காப்பர்-டி பொருத்துவது பெரும் தவறு. அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டாலே, ஊர்ப் பெண்கள் அந்த முறையை மட்டுமல்ல, மருத்துவமனையையே நம்பமாட்டார்கள். 'வேண்டாம்' என்று சொல்லவும், வைத்ததை எடுத்துவிடச் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

அடுத்ததாக, குழந்தைக்கு ஊசி போட வரும் 6, 10, 14ஆம் வாரங்களில் தாயிடமும் ஒரு கேள்வி: "அம்மா, உங்களுக்கு என்ன ஏற்பாடு?" குழந்தைக்காக அவள் எப்படியும் வருகிறாள், அதே நாளில், அதே இடத்தில் தாய்க்கும் உதவி கிடைத்தால் இன்னொரு பஸ் பயணம் மிச்சம்.

மூன்றாவதாக, கணவன் ஊருக்குப் போகும் மாதத்தை விசாரித்து, அங்கே எந்தச் சுகாதார நிலையத்துக்கு எந்தத் தேதியில் போகவேண்டும் என்று அட்டையிலே எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் அவ்வூர்ச் செவிலியருக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். முதல் ஊசியைத் தாய்வீட்டில் போட்டவள் அடுத்ததைக் கணவன் ஊரில் போடலாம். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்போ, நான்கு வாரம் பின்போ ஆனாலும் பாதகமில்லை. இதை அறியாததால்தான் சிலர் நாள் தவறிவிட்டதென்று நிறுத்திவிடுகிறார்கள்.

நண்பர்களே, இதில் மருத்துவமனைக்குள் நடப்பது ஒரு பங்குதான். மறுபங்கு வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிள்ளை பெற்ற மகளோ மருமகளோ இருக்கலாம். குழந்தையின் ஊசித் தேதியைக் கேட்கும்போது, அவளுடைய தேதியையும் கேளுங்கள். இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அவள் போய்வரட்டும். கணவரையும் உடன் அனுப்புங்கள். எந்த முறை வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் தீர்மானிக்கட்டும். தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் கேட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால், பல தாய்மார்களின் உடல் தேறும். பல குழந்தைகளுக்குத் தாய்ப்பால் நிறையக் கிடைக்கும்.