கணினி தொடங்கியதும் சற்று நேரம் அசையாமல் நிற்கிறதா?

மீளக்குடியமர்ந்த வீடுகள் பலவற்றில் இப்போது கணினியும் ஒரு சாமான். சில, பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பில் வாங்கிய பழைய கணினிகள். சில, வெளிநாட்டு உறவினர் கொடுத்துவிட்டவை. இன்னும் சில, வவுனியாவில் இருந்த காலத்தில் வாங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் மற்றச் சாமான்களோடு ஏற்றி வந்தவை. இவற்றில் அடிக்கடி வரும் குறை ஒன்று உண்டு. திரை வந்துவிடும், ஆனால் ஓரிரு நிமிடங்களுக்கு மவுஸ் அசையாது, எதை அழுத்தினாலும் திறக்காது. பிறகு தானாகவே சரியாகிவிடும்.

பெரும்பாலும் இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். சில வேளைகளில் மட்டும், உங்கள் படங்களும் ஆவணங்களும் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியதன் அறிகுறியாக இது இருக்கும்.

முதலில் பிரதி எடுங்கள்

இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், குடும்பப் படங்கள் என்பவற்றை இழந்தவர்கள் பலர். மிஞ்சியவற்றை ஸ்கான் செய்து கணினியில் வைத்திருக்கிறீர்கள் என்றால், இறந்தவர்களின், காணாமற்போனவர்களின் படம் அதில் மட்டுமே இருக்கிறது என்றால், எதையும் திருத்தத் தொடங்கு முன் அவற்றை ஒரு பென் டிரைவிலும் ஒரு சீடியிலும் பிரதி எடுங்கள். ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

ஸ்கான் செய்த சான்றிதழ் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால், கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என உங்களுக்குரிய பிரதேச செயலகத்தில் புதிய பிரதி கேட்கும்போது தேடும் வேலை குறையும்.

ஏன் இப்படி நிற்கிறது?

திரை வந்துவிட்டாலும் கணினியின் வேலை முடிந்திருக்காது. வைரஸ் தடுப்பு, படம் பார்க்கும் செயலி, இணைய டொங்கிளின் செயலி எல்லாம் பின்னால் ஒன்றாக எழும்பும். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டிலிருந்து ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் வாசிக்க முடியும். பலரும் ஒன்றாகக் கேட்டால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ரேம் குறைவென்றால் தாமதம் கூடும். 2009இல் வந்த விண்டோஸ் 7க்குக் குறைந்தது 1 ஜிபி ரேம் தேவை. 512 எம்பி மட்டும் உள்ள பழைய கணினியில் அதைப் போட்டிருந்தால், இடப்பற்றாக்குறையை நிரப்ப அது ஹார்ட் டிஸ்க்கையே திரும்பத் திரும்ப நாடும்.

விளக்கைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள்

கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சிறு விளக்கு உண்டு. கணினி அசையாமல் நிற்கும்போது அதைக் கவனியுங்கள்.

• விளக்கு வேகமாக மினுங்குகிறது, தாமதம் எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே அளவு: அதிகமான செயலிகள் ஒன்றாகத் தொடங்குகின்றன.
• விளக்கு எரியவே இல்லை: இணைத்திருக்கும் டொங்கிள், பிறிண்டர் போன்ற ஒன்றின் பதிலுக்காகக் கணினி காத்திருக்கலாம்.
• விளக்கு தொடர்ந்து எரிகிறது, 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்கிறது, தாமதம் நாளுக்கு நாள் கூடுகிறது, சில படங்கள் திறப்பதில்லை: ஹார்ட் டிஸ்க் பழுதாகிறது. முக்கியமானவற்றை உடனே பிரதி எடுத்து, கணினியை நிறுத்திவிடுங்கள். கீழே உள்ளவற்றைச் செய்ய வேண்டாம்.

தொடங்கும்போது நன்றாக இருந்து, அரை மணி நேரம் கழித்து நின்றால் காரணம் பெரும்பாலும் சூடு. கச்சான் காற்றுக் காலத்துப் புழுதி உள்ளே உள்ள விசிறியை அடைத்திருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒவ்வொன்றையும் செய்தபின் கணினியை மீளத் தொடக்கிப் பாருங்கள். எது பலன் தந்தது என்று அப்போதுதான் தெரியும்.

1. கீபோட், மவுஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடக்குங்கள். தாமதம் போய்விட்டால், ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிப் பாருங்கள்.
2. விண்டோஸ் 7 உள்ள கணினி என்றால், விண்டோஸ் பொத்தானுடன் ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையற்ற செயலிகளின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். வைரஸ் தடுப்பைத் தொட வேண்டாம். பெயர் விளங்காததையும் விட்டுவிடுங்கள்.
3. வைரஸ் சோதனை செய்யுங்கள். கடைகளில் படம், பாட்டு ஏற்றிய பென் டிரைவ் வழியாகவே பல வைரஸ்கள் வீட்டுக்கு வருகின்றன.
4. சி டிரைவ் நிரம்பியிருந்தால் தேவையற்ற படங்களையும் பாட்டுகளையும் நீக்கி இடம் விடுங்கள்.
5. லொறியிலோ உழவு இயந்திரத்திலோ வந்த கணினி என்றால் உள்ளே வயர்கள் தளர்ந்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கின் வயர்களை இறுக்கிச் செருகுங்கள். மென்மையான தூரிகையால் புழுதியைத் தட்டிவிடுங்கள்.

மின்சாரம்

வேலை நடக்கும்போது கறண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பதிவுகள் குழம்பும். அடுத்த முறை தாமதத்துக்கு அதுவே காரணமாகலாம். முடிந்தால் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள். தண்ணீர்ப் பம்பி ஓடும் அதே பிளக்கில் கணினியைப் பூட்ட வேண்டாம். ஜெனரேற்றர் என்றால், அது சீராக ஓடத் தொடங்கிய பிறகே கணினியைப் போடுங்கள். ஜெனரேற்றரை நிறுத்து முன் கணினியை நிறுத்துங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம், விளக்கு எப்படி இருந்தது, சத்தம் கேட்டதா. மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். பழுதான ஹார்ட் டிஸ்க்கில்கூட உங்கள் குடும்பத்தின் விவரங்கள் இருக்கும். 'போமற் செய்தால் சரியாகும்' என்று சொன்னால், அதில் உள்ள எல்லாம் அழியும் என்பதே அதன் பொருள். பிரதி உங்கள் கையில் இருப்பதையும், அது வேறொரு கணினியில் திறப்பதையும் பார்த்த பிறகே அதற்குச் சம்மதியுங்கள்.