மரகதமென மயக்கிய செப்புக் கனியம்

பச்சையாக ஒளிரும் கற்களெல்லாம் மரகதமாகிவிடுவதில்லை. இவ்வுண்மையை உணர்த்திய கனியங்களுள் டயோப்டேஸ் குறிப்பிடத்தக்கது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய கசகஸ்தானிலுள்ள அல்தின் தியூபே எனுமிடத்தில் செப்புத் தாதை அகழ்ந்தோர், சுண்ணாம்புப் பாறையினூடே சென்ற குவாட்ஸ் நாளங்களில் கரும்பச்சைப் பளிங்குகளைக் கண்டனர். அவை மரகதமெனக் கருதப்பட்டு மொஸ்கோவுக்கு அனுப்பப்பட்டன. எனினும் கடினத்தன்மை அந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தது. மோ அளவீட்டில் மரகதத்தின் கடினத்தன்மை 7.5 முதல் 8 வரையாகும். இக்கனியத்தினதோ 5 மாத்திரமே. உருக்குக் கத்தியாலும் இதனைக் கீறிவிடலாம். 1797 இல் பிரெஞ்சுக் கனியவியலாளர் ரெனே ஜுஸ்ட் அயுய் இதனைப் புதிய கனியமென இனங்கண்டு பெயரிட்டார். பளிங்கினூடே அதன் உட்பிளவுத் தளங்கள் தென்படுவதால், 'ஊடாகக் காண்பது' எனும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது.

மரகதம் பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேற்று. அதற்கு நிறமூட்டுவன சிறிதளவான குரோமியமும் வனேடியமுமாகும். டயோப்டேஸோ நீரைக் கொண்ட செப்புச் சிலிக்கேற்று. அதன் பச்சை செப்பினாலேயே உண்டாவது. நிலத்தடியிலுள்ள செப்புச் சல்பைட்டுத் தாதுக்கள் மழைநீராலும் ஒட்சிசனாலும் சிதைவுற, கரைந்த செப்பு சிலிக்காவுடன் கூடி மீண்டும் பளிங்காகின்றது. முன்னிருந்த தாதுவின் சிதைவிலிருந்து தோன்றுவதாலேயே இது இரண்டாம்நிலைக் கனியம் எனப்படுகின்றது.

நமீபியாவின் சுமெப் சுரங்கம் இதன் மிகச் சிறந்த பளிங்குகள் சிலவற்றை உலகுக்கு அளித்தது. 1996 இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. செப்புக்காகத் தோண்டப்படும் தாது உடைத்து உருக்கப்படுவதே வழமை. ஆகவே, யாரோ ஒருவர் கையாற் பிரித்தெடுத்து வைத்த பளிங்குகளே எஞ்சின. செப்பை வேறிடத்தில் அகழலாம். உருக்கப்பட்ட பளிங்கையோ எவராலும் மீட்க இயலாது. சேகரிப்போரும் அரும்பொருட்காட்சியகங்களும் அவற்றைப் பெரிதாகப் பேணுவதன் காரணம் இதுவே.

கல் வாங்குவோருக்கும் இதிலொரு பாடமுண்டு. நிறத்தை மாத்திரம் நம்பலாகாது; ஒளிமுறிவும் அடர்த்தியும் சோதிக்கப்படல் வேண்டும். மரகதத்தின் சாரடர்த்தி ஏறத்தாழ 2.7, டயோப்டேஸின் சாரடர்த்தி ஏறத்தாழ 3.3. எளிதிற் பிளவுறும் இக்கனியம் மோதிரத்துக்கு உகந்ததன்று. மரகதமென விற்கப்பட்டால் இது ஏமாற்று. தன் பெயரில் அறியப்பட்டாலோ இதுவே அரும்பொருள்.