நஞ்சு நீங்கிய பின்னரும் நீங்காதவை
போதையிலிருந்து மீள்வோரின் கவனமும் உணர்வும்



சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை நான் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தேன். நடு வரிசையில் இருந்த வாலிபர் ஒருவரால் ஒரு நிலையில் அமர முடியவில்லை. முழங்காலை ஆட்டினார், வாசலைப் பார்த்தார், கைத்தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார், ஈற்றில் எழுந்து வெளியேறினார். "அல்லாஹ்வின் வீட்டில் கால் மணி நேரம் அமர முடியாத உள்ளத்தில் ஈமான் எவ்வாறு தங்கும்?" என்று மிம்பரில் நின்றவாறே கேட்டுவிட்டேன்.

அவர் தூளை விட்டு அன்றுடன் ஆறு வாரங்கள் ஆகியிருந்தன என்பதை அவருடைய தந்தை பின்னர் என்னிடம் கூறினார். "விடாதபோதும் ஏச்சு, விட்ட பிறகும் ஏச்சு" என்று கூறிவிட்டு மகன் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாராம். அதன் பின்னரே இவ்விடயத்தை நான் தேடிப் படித்தேன், சிகிச்சையளிப்போரிடமும் கேட்டறிந்தேன். அன்று நான் கண்டித்தது ஈமானின் குறையையன்று, ஆறிக்கொண்டிருந்த ஒரு காயத்தையே என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஹெரோயினை நிறுத்தியவருக்கு ஏற்படும் உடல்வலி, வாந்தி, நடுக்கம் ஆகியவை முதல் சில நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் ஒரு வாரமளவில் தணிந்துவிடுகின்றன. வீட்டார் "சுகமாகிவிட்டது" என நிம்மதியடைகின்றனர். ஆனால் நஞ்சு உடலை விட்டு நீங்குவது வேறு. மனிதனின் கவனமும் உணர்வும் பழைய நிலைக்குத் திரும்புவது வேறு. முன்னையதற்கு நாட்கள் போதும். பின்னையதற்கோ மாதங்கள் தேவை.

முதலில் கவனத்தைப் பார்ப்போம். எது முக்கியம், எதன் பக்கம் திரும்ப வேண்டும் என்று மூளைக்குக் கற்பிப்பதில் டோபமைன் எனும் இரசாயனத்துக்குப் பெரும் பங்குண்டு. போதைவஸ்து அதனை இயல்புக்கு மாறான அளவில் பெருகச் செய்கிறது. அதனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், லைட்டரின் ஓசை, ஒரு குறிப்பிட்ட சந்தி, ஒரு நண்பனின் குரல் ஆகிய அனைத்தும் மூளையில் 'முக்கியம்' என்ற முத்திரையுடன் பதிந்துவிடுகின்றன. பாவனையை நிறுத்தியதும் அம்முத்திரை அழிந்துவிடுவதில்லை.

1935ஆம் ஆண்டு ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் எனும் அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். 'சிவப்பு' எனும் சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறம் என்னவென்று கேட்டால், சொல்லின் பொருள் குறுக்கிட்டு எவரையும் தடுமாறச் செய்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் இம்முறையைப் போதைக்கு அடிமையானவர்களிடம் பயன்படுத்தினர். போதையுடன் தொடர்புடைய சொற்கள் வரும்போது, மையின் நிறத்தைக் கூற அவர்களுக்குக் கூடுதல் நேரம் எடுத்தது. அவர்கள் விரும்பியோ திட்டமிட்டோ அச்சொற்களில் மனத்தைச் செலுத்தவில்லை. சிந்தனை விழித்தெழுவதற்கு முன்னரே கவனம் இழுத்துச் செல்லப்பட்டுவிட்டது. அன்று பள்ளிவாசலில் அந்த வாலிபரும் நாம் காணாத ஓர் இழுபறியில்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து உணர்வைப் பார்ப்போம். ஹெரோயின் உடல் வலியை மட்டுமன்றி, கவலை, அவமானம், தனிமை ஆகியவற்றின் வலியையும் மரத்துப்போகச் செய்கிறது. வலியைத் தணிக்க உடலுக்குள் அல்லாஹ் அமைத்திருக்கும் இயற்கையான ஏற்பாடு அதனால் தளர்ந்துவிடுகிறது. போதையை விட்டதும் சிறு சொல்லும் பெருங்காயமாகிறது. சிறு மகிழ்ச்சியோ மகிழ்ச்சியாகவே தெரிவதில்லை. உம்மா ஆசையுடன் சமைத்த உணவு சுவைப்பதில்லை. தங்கையின் சிரிப்பு உள்ளத்தைத் தொடுவதில்லை. உறக்கமும் சீராக வருவதில்லை. வீட்டார் இதனைக் கண்டு "முகத்தைப் பார், திரும்பவும் தொடங்கிவிட்டான்" என்கின்றனர். அச்சந்தேகம் அவரது வலியை மேலும் கூட்டுகிறது. வலி கூடும்போது கவனம் பழைய மருந்தின் பக்கமே ஓடுகிறது. நல்லெண்ணம் கொண்ட வீடுகளிலும் இச்சுழல் உருவாகிவிடுகிறது.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனை விட்டவர்களிடம் மிகை உறக்கமும் கடும் மனச்சோர்வும் காணப்படலாம். இறந்துவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நோரா வொல்கோவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள், மெத்தம்பெட்டமைனை விட்ட சிலரின் மூளையை 12 முதல் 17 மாதங்களின் பின்னர் மீண்டும் படம்பிடித்து ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். குறைந்து போயிருந்த டோபமைன் கடத்திகள் பெருமளவு மீண்டிருந்தன. ஆனால் செயற்றிறன் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் காணப்படவில்லை. மூளை ஆறுகிறது, ஆனால் மெதுவாக ஆறுகிறது.

அவ்வாறாயின் நாம் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, இடத்தையும் தொடர்புகளையும் மாற்றுதல். வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் எனும் ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கு அடிமையாகியிருந்தோரில் சுமார் நூற்றுக்கு ஐவரே முதல் வருடத்தில் மீண்டும் அடிமையாகினர். இதற்குப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், போதையை நினைவூட்டிய சூழல் பின்தங்கிவிட்டது அவற்றுள் முக்கியமான ஒன்றாகும். நூறு உயிர்களைக் கொன்ற பின் தௌபாவை நாடிய மனிதரைப் பற்றிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவருக்கு வழிகாட்டிய அறிஞர், உமது ஊர் தீயது, அங்கு திரும்பாமல் நல்லோர் வாழும் ஊருக்குச் செல்லும் என்ற கருத்திலேயே ஆலோசனை கூறினார். ஊரை மாற்ற எல்லோராலும் இயலாது. ஆனால் செல்லும் பாதையையும் தொலைபேசி இலக்கத்தையும் மாலை நேரத்தின் தோழமையையும் மாற்றலாம்.

இரண்டாவது, ஆசையின் அலையைக் கடத்தல். ஏக்கம் எழுந்தால் முடிவேயின்றி ஏறிக்கொண்டே போகும் என மீள்பவர் அஞ்சுகிறார். உண்மையில் அது அலையைப் போல எழுந்து, உச்சமடைந்து, பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிகிறது. அதனுடன் மல்லுக்கட்டாமல் "இதோ வந்திருக்கிறது, போய்விடும்" என்று கவனித்திருக்கவும், அந்நேரத்தில் ஒருவருக்கு அழைப்பெடுக்கவும், எழுந்து நடக்கவும் பழக வேண்டும். கோபம் வந்தவர் நின்றிருந்தால் அமரவும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உடலின் நிலையை மாற்றி உணர்வின் வேகத்தைத் தணிக்கும் வழி அதில் இருக்கிறது.

மூன்றாவது, பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனித்தல். இவற்றுள் ஒன்று மிகும்போதே மீள்பவரின் உறுதி தளர்கிறது. நேரத்துக்கு உணவும், ஒழுங்கான உறக்கமும், முடிக்கக்கூடிய சிறு வேலைகளும் நீண்ட உபதேசத்தைவிட அதிகம் உதவும்.

நான்காவது, வழுக்கி விழுந்தவரைச் சபியாதிருத்தல். மது அருந்தித் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒருவர் சபித்தபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோக வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். குற்றம் குற்றமே, ஆயினும் குற்றவாளியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது அவனைப் பழைய தோழர்களிடமே ஒப்படைப்பதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். சில வாரங்கள் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அதே அளவு ஹெரோயினை மீண்டும் எடுத்தால் மூச்சு அடங்கி மரணம் நேரலாம். எனவே அவர் விழுந்தாலும் அதை உங்களிடம் அஞ்சாமல் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். மயங்கிக் கிடந்தால் மானத்தை எண்ணித் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் 1984ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 எனும் இலக்கத்தில் அழைக்கலாம். துஆவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல.

நேயர்களே! நான் அந்த வாலிபரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் அதிகம் பேசவில்லை. "ஹஸரத், வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். இப்போது அவர் வாசலருகே அமர்கிறார். சில வேளை இடையில் வெளியே செல்கிறார். தொழுகைக்குத் திரும்பி வந்துவிடுகிறார். உங்கள் பள்ளிவாசலிலும் வாசலருகே அப்படி ஒருவர் இருக்கலாம். அவரை உற்றுப் பார்க்காதீர்கள். நகர்ந்து இடம் கொடுங்கள்.

மீள முயலும் ஒவ்வொருவருக்கும் உறுதியையும், அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும், நமக்கு நாவடக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.