லே-க்குப் போக ஹைபிரிட் போதுமா பாஸ்?

செமஸ்டர் லீவுக்கு மணாலி டு லே ட்ரிப் போடுற கேங்கா நீங்க? 'மைலேஜ் எவ்ளோ?'னுதானே முதல் கேள்வி! தாண்டி என்ற ஊரைத் தாண்டினால், 365 கி.மீ.க்கு பங்க் இல்லை என்று மிரட்டும் போர்டு ரொம்பவே ஃபேமஸ். ஆனா, 45 லிட்டர் டேங்க் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தாலே 450 கி.மீ. ஓடிடும். நிஜ வில்லன் காற்று!

சுமார் 5,300 மீட்டர் உயர தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். டர்போ டீசல், காற்றை அமுக்கி உள்ளே தள்ளி, ஃபுல் லோடிலும் ஏறும். ஆனா கடுங்குளிரில் சாதா டீசல் மெழுகாக உறையும். அதற்காகவே 2019-ல் லடாக்குக்கு தனி குளிர்கால டீசல் வந்தது.

ஹைபிரிட்? 2022-ல் வந்த கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட், டெஸ்ட்டில் லிட்டருக்கு 27.97 கி.மீ. காட்டியது. பிரேக் போட்டா சார்ஜ் ஏறும். சிட்டி டிராஃபிக்கில் கில்லி! ஆனா நீண்ட ஏற்றத்தில் குட்டி பேட்டரி சீக்கிரம் காலி. மொத்த பாரமும் டர்போ இல்லாத இன்ஜின் தலையில். நாலு சக்கர டிரைவும் அப்போ மைல்டு ஹைபிரிட்டுக்குத்தான் கொடுத்தாங்க.

ஸோ, ஊட்டி, மூணாறுன்னா ஹைபிரிட்டுக்கு ஓ.கே. அஞ்சு பேர், மூட்டை முடிச்சு, ஓடை, சேறுன்னா நாலு சக்கர டர்போ டீசல்தான். மிச்சம் பிடிச்ச பெட்ரோல் காசு, பாதி ஏற்றத்துல நிக்கிற வண்டியைத் தள்ளாது மச்சி!