காந்தோய் ஆயிட்டேன்டா!

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் பள்ளி விடும் நேரத்தில் சற்று நின்று கேளுங்கள். "மச்சா, நேத்து போன் நோண்டி அம்மாகிட்ட காந்தோய் ஆயிட்டேன்டா!" என்பான் ஒரு பையன். மலாய்ப் பேச்சுவழக்கில் 'காந்தோய்' என்றால் கையும் களவுமாகப் பிடிபடுவது. 'மச்சா' நம் வீட்டு மச்சான்தான். மலாய், சீன நண்பர்கள் வாயிலும் அது சகஜமாகப் புழங்குகிறது.

அடுத்து 'ரிஸ்'. பேச்சாலேயே ஆளைக் கவரும் சாமர்த்தியம். 'கரிஸ்மா' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதியைக் கிள்ளியெடுத்த சொல் என்கிறார்கள். 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் இதைத்தான் ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள்.

பிள்ளை பேசுவது புரியவில்லையே என்று கலங்கும் பெற்றோரே, உங்கள் இளமைக்கால 'லெப்பாக்' நினைவிருக்கிறதா? சும்மா கூடி உட்கார்ந்து அரட்டையடிப்பது. 1990-களில் அந்தப் பழக்கத்தை நினைத்து நாடே கவலைப்பட்டது!

அதட்டாமல் பிள்ளையிடமே பொருள் கேளுங்கள். பெரும்பாலும் ஆசையாகவே விளக்கிச் சொல்வார்கள். ஏதாவது ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லக் கூசி மழுப்பினால், அந்தச் சொல்லை மெதுவாக விசாரித்து வையுங்கள்.